நோட்டீஸின் கீழ்ப்பாதி

இந்தத் தடவை தங்கதுரையை மண்ணைக் கவ்வ வைத்தே தீருவது என்று ரத்தினசாமி முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. பெரிய முடிவுகளையெல்லாம் அவர் வாயில் நுரையோடுதான் எடுப்பார். அப்போதுதான் யாரோடும் விவாதிக்க வேண்டியிருக்காது.

ரத்தினசாமி, நீலத்தடாகம் ஃபிளாட்டின் செகரட்டரி. கேரள எல்லைக்குள் எருத்தேன்பதியைத் தாண்டி ஏரிக்கரை ஓரம் நான்கு மாடி, நாற்பது வீடு. இருபது வீட்டில் தமிழ்க்காரர்கள். தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வந்தவர்களும் முதலமடை மாங்காய் வியாபாரிகளும். இருபது வீட்டில் மலையாளிகள். ரிட்டயர்டு வாத்தியார்களும் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர்களும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு, செகரட்டரி தேர்தல். எதிர்த்து நிற்பவர் மூன்றாம் மாடித் தங்கதுரை. மாங்காய் ஏலம் விட்டே வளர்ந்த தொண்டை. அந்தத் தொண்டை நாற்பது பேர் முன்னால் திறந்தால் என்ன ஆகும் என்பதுதான் ரத்தினசாமியின் கவலை.

நாலு வருஷமாக அவர் ஃபிளாட்டை ஆண்டது நோட்டீஸ் போர்டு வழியாகத்தான். ஆரம்பத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் தினமும் நாற்பது ரோஜாப்பூவும் நாற்பது காலை வணக்கமும் வந்து விழுந்ததால் அவரே அதை இழுத்து மூடினார். தண்ணீர்த் தொட்டி கழுவுவதா, லிஃப்டு ரிப்பேரா, எதுவானாலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தாள் தொங்கும். மேல்பாதி தமிழ். கீழ்ப்பாதி மலையாளம். அடியில் ரத்தினசாமியின் கையெழுத்தும் வட்ட முத்திரையும்.

இதில் ஒரு ரகசியம் உண்டு. ரத்தினசாமிக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும். எழுதப் படிக்க ஓர் எழுத்து தெரியாது. வடகரப்பதியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர் மனைவி சரஸ்வதியம்மாள் பாலக்காட்டுச் சித்தூரில் மலையாளத்தில் படித்தவர். ஆகவே மேல்பாதியை அவர் எழுதுவார், கீழ்ப்பாதியை அம்மாள் எழுதுவார், அடியில் அவர் முத்திரை குத்துவார். வீட்டுக்குள் நடக்கும் இந்த ஏற்பாடு வெளியே யாருக்கும் தெரியாது.

இரண்டாம் மாடி கோபிநாத் மாஸ்டர் முப்பது வருஷம் மலையாளம் கற்பித்தவர். ஒருநாள் போர்டுக்கு முன்னால் நின்று, "சாரே, எந்தொரு மலையாளம்! எனிக்குகூட இங்ஙனெ எழுத வராது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். ரத்தினசாமி மீசையைத் தடவிக்கொண்டு, "ஏதோ, பழக்கம்" என்றார்.

மலையாளிகளுக்கு அவர்மேல் அப்படியொரு பிரியம். ஓணத்துக்கு வீடு தேடி அடைப்பிரதமன் பாயசம் வரும். தமிழ்க்காரர்களோ அவரைக் கண்டால் லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறுவார்கள். ரத்தினசாமி இதை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மலையாளிகள் சட்டத்தை மதிக்கிற ஜனம், நம்மவர்களுக்குத்தான் கட்டுப்பாடு பத்தாது. இதைத் தமிழ்க்காரர்களிடமே நேரில் சொல்லவும் செய்தார். அவர்கள் மேலும் வேகமாக மாடிப்படி ஏறினார்கள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே சமையலறை வாசலுக்கு வந்தார். உள்ளே போகவில்லை, போகிற வழக்கமில்லை.

"சரசு, நோட்டீசு எழுதோணும். பேனா எடு."

"தோசை கருகுதுங்க. சொல்லுங்க."

"தமிழ்ல அஞ்சு மணிக்குக் கூட்டம்னு நான் எழுதிப்போட்டேன். நீ மலையாளத்துல மூணரைன்னு எழுது, நம்பர் போடாம எழுத்துலயே."

அம்மாள் தோசைக் கரண்டியோடு திரும்பினார். "ஏனுங்க, ஒரே கூட்டத்துக்கு ரெண்டு நேரமுங்களா?"

"ஆமா."

"எதுக்குங்க?"

"அதெல்லாம் அசோசியேசன் விசயம். பொறுப்புல இல்லாதவிங்ககிட்டச் சொல்றதில்ல."

இது நாலு வருஷமாக அவர் சொல்லிவரும் பதில். ஆனால் திட்டம் அவருக்கே அவ்வளவு பிடித்திருந்ததால் அரை நிமிஷத்தில் அவரே கக்கிவிட்டார். நாற்பதில் இருபது பேர் வந்தால் கூட்டம் செல்லும். மூன்றரைக்கு மலையாளிகள் இருபது பேரும் வருவார்கள், நாலு மணிக்குள் அவரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ஐந்துக்குத் தங்கதுரை படையோடு வரும்போது மிச்சமிருப்பது டீ டம்ளர்தான்.

"இது தப்பில்லீங்களா?"

"அரசியல் புள்ள, அரசியல்!"

"மறுபடியும் ரெண்டு வருசமுங்களா?" என்று கேட்டார் அம்மாள். கேட்ட குரலில் ஏதோ இருந்தது. ரத்தினசாமி அதைக் கவனிக்கவில்லை.

அது என்னவென்று நாம் சொல்லிவிடலாம். இந்த வீட்டை வாங்கச் சொன்னதே சரஸ்வதியம்மாள்தான். முப்பத்தைந்து வருஷம் தோப்பு, மாடு, ஆள்காரர் சாப்பாடு என்று ஓடியவர். "பொழுதோட செத்த நேரம் ரெண்டு பேரும் அந்தக் கரையில உக்காரோணுமுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் கேட்டார். ரத்தினசாமியும் வாக்குக் கொடுத்தார். குடிவந்த அடுத்த மாதமே செகரட்டரி ஆனார். அதன்பின் சாயங்காலமெல்லாம் ரோட்டைப் பார்த்த ஆபீஸ் அறையில் அடுத்த நோட்டீசுக்கு வாசகம் தேடுவதிலேயே கழிந்தது. அம்மாள் மட்டும் சமையலறைச் சன்னலில் கழுத்தை நீட்டி ஏரியைப் பார்த்துக்கொள்வார். போன தடவை அவர் மறுபடி நிற்கிற சேதியைக்கூட அம்மாள் கீழ்ப்பாதி எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்துகொண்டார்.

"சரிங்க, எழுதிர்றேன்" என்றார் அம்மாள்.

வழக்கத்தைவிட நீளமாகவே எழுதினார். "மூணரைன்னு எழுத இவ்வளவா?" என்று ரத்தினசாமி கேட்டார். "மலையாளம் கொஞ்சம் எடம் புடிக்குமுங்க" என்றார் அம்மாள். ரத்தினசாமி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குக் கீழ்த்தளத்துக் கூடம் நிறைந்திருந்தது. இருபது வீட்டு மலையாளிகளும் குடும்பத்தோடு, சரிகைக்கரைக் கசவு வேட்டியும் கசவுச் சேலையுமாக. ஒரு மூலையில் பாயச அண்டா. முன்வரிசையில் சரஸ்வதியம்மாள், பட்டுச்சேலையில். 'ஜெயிக்கும் முன்னாடியே கொண்டாட்டமா!' என்று ரத்தினசாமிக்கு நெஞ்சு விம்மியது. அவர் மேடை ஏறியதும் கோபிநாத் மாஸ்டர் பொன்னாடையைப் போர்த்தினார். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். நாலாம் மாடி ஜின்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஜெயித்ததற்கு எதற்கு அழுகிறான் என்று ரத்தினசாமிக்கு முதல்முதலாக ஒரு சந்தேகம் தட்டியது.

மாஸ்டர் போர்டிலிருந்து எடுத்துவந்த தாளை விரித்து, மைக்கில் ஏற்ற இறக்கத்தோடு கீழ்ப்பாதியை வாசித்தார். மலையாளம் காதில் விழுந்தால் ரத்தினசாமிக்கு நன்றாகவே புரியும். தமிழில் சொன்னால் அது இதுதான்:

'அன்பானவர்களே, நாலு வருஷம் உங்களுக்கு உழைத்ததில் எனக்கு நிறைவு. ஆனால் இந்த வீட்டை வாங்கும்போது என் மனைவிக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன், சாயங்காலம் அவளோடு ஏரிக்கரையில் உட்காருவதாக. இன்றுவரை ஒரு நாள்கூட உட்காரவில்லை. ஆகவே இந்தத் தேர்தலில் நான் நிற்கவில்லை. பொதுக்குழு ஐந்து மணிக்கு. அதற்குமுன் மூன்றரைக்கு வந்து என்னை வழியனுப்பி வையுங்கள். இதை நேரில் சொல்ல எனக்கு வெட்கம். கடமை உணர்ச்சியில் நான் அன்றைக்கு மனம் மாறி, மறுபடி நிற்கிறேன் என்று ஏதாவது சொன்னாலும் சொல்வேன். தயவுசெய்து அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.'

ரத்தினசாமி மாஸ்டர் பக்கம் பாய்ந்தார். மைக்கைப் பிடுங்கினார். "இல்லீங்க, நான் நிக்கறேன்! நான்தான் செகரட்டரி!"

கூடமே சிரித்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"கண்டோ, கண்டோ!" என்றார் மாஸ்டர் பூரிப்போடு. "சார் எழுதின மாதிரி தன்னே சொல்லிட்டார்! வேண்டா சாரே, நாங்கள் சம்மதிக்க மாட்டோம்."

ரத்தினசாமி முன்வரிசையைப் பார்த்தார். அம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இப்போது அவருக்கு இரண்டு வழி இருந்தது. அந்த நோட்டீசை எழுதியது நானில்லை, எனக்கு மலையாளம் படிக்கவே தெரியாது என்று மாஸ்டர் முன்னால் ஒப்புக்கொள்வது ஒன்று. இருபது பேருக்கு மூன்றரை, இருபது பேருக்கு ஐந்து என்று திருட்டுத்தனம் பண்ணப் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்வது இன்னொன்று. ரத்தினசாமி பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொருவராக மேடையேறி அவருடைய பழைய நோட்டீசுகளை நினைவுகூர்ந்தார்கள். 'பால்கனியில் துணி காயப்போட்டால் துணி பறிமுதல் செய்யப்படும்' என்று அவர் எழுதியது, கீழ்ப்பாதியில் 'ஏரிக்காற்றில் துணி பறக்கிறது, கிளிப் போடுங்கள், இல்லாதவர்கள் என் வீட்டில் வாங்கிக்கொள்ளலாம்' என்று இருந்திருக்கிறது. கிளிப் கேட்டு வந்தவர்களை எல்லாம் அவர் மனசுக்குள் பிச்சைக்காரப் பயல்கள் என்று திட்டியிருந்தார். பிறகு ஜின்சன் எழுந்தான். அவன் அம்மா ஆபரேஷன் முடிந்து வந்த வாரம். 'இரவு ஒன்பதுக்குமேல் சத்தம் போடுகிறவர்கள்மேல் நடவடிக்கை' என்று ரத்தினசாமி எழுதியிருந்தார்.

"நோட்டீஸில சார் எழுதியிருந்தது இதாக்கும்," என்றான் ஜின்சன். "'நாலாம் மாடியில் ஓர் அம்மா உடம்பு தேறி வருகிறார், டிவியைக் கொஞ்சம் தணித்து வையுங்கள், பார்க்கப் போகிறவர்கள் காலை பத்து மணிக்குமேல் போங்கள்.' அந்த வாரம் முழுவனும் அம்மையைப் பார்க்க ஆளு வந்தது சாரே. அம்மை அந்த நோட்டீஸை இப்பவும் வச்சிட்டுண்டு."

ரத்தினசாமிக்கு இப்போதுதான் கணக்குப் புரிந்தது. ஃபிளாட்டில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. மீதிப் பேருக்குப் பிடித்திருந்தது அவரை அல்ல. வெட்கத்தைவிடத் துக்கம்தான் அதிகமாக வந்தது. அந்தத் தாய் கிடந்த வீடு அவருக்கு இரண்டு மாடி மேலே. அவர் ஒருநாளும் படியேறிப் போய்ப் பார்க்கவில்லை.

கடைசியில் பரிசு வந்தது. மடக்கு நாற்காலி, நீல நிறம், இரண்டு.

ஐந்து மணிக்குத் தங்கதுரை தன் ஆட்களோடு சண்டைக்குத் தயாராக வந்து சேர்ந்தார். கையில் ஒரு கத்தை பழைய நோட்டீஸ், எல்லாம் மேல்பாதியை மட்டும் கிழித்தெடுத்தது. எதிரே எதிரி பொன்னாடை போர்த்திப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். ஏலத் தொண்டை திறக்காமலே, போட்டியின்றித் தேர்தல் முடிந்தது.

பொழுது சாய்கிற நேரம், ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கணவனும் மனைவியும் ஏரிக்கரைப் பக்கத்து இரும்புக் கேட்டுக்கு நடந்தார்கள். மணி ஆறு.

"சும்மா நடக்கறோம் புள்ள," என்றார் ரத்தினசாமி. "கேட்டு அஞ்சரைக்கே பூட்டியிருக்கும். நான்தான் நோட்டீசு போட்டேன்."

கேட்டு அகலத் திறந்திருந்தது. கரை நெடுகப் பாய் விரித்து மலையாளிக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. தமிழ்க்காரர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் மேல்பாதியைப் படித்துவிட்டு நாலு வருஷமாக ஐந்தரைக்கே வீட்டுக்குள் அடைந்துகொண்டிருந்தார்கள்.

"ஏம்ப்பா ஜோமோன், இதை ஏன் பூட்டலே?" என்றார் வாட்ச்மேனிடம்.

"ஏழு மணி வரெ உண்டல்லோ சாரே," என்றான் ஜோமோன். "நோட்டீஸில சார் தன்னே எழுதியதல்லே?"

ரத்தினசாமி நாற்காலியை விரித்தார். தண்ணீர்மேல் கொக்கு ஒன்று தாழப் பறந்து போனது.

"நாப்பது ஊட்டுக்கும் ஒண்ணு விடாமச் சொன்னனே சரசு. நம்ம ஊட்டுல ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டேன்."

"ஆமாங்க."

"நாலு வருசம். வீணாப் போச்சு."

இல்லை, பரவாயில்லை என்று அம்மாள் சொல்லுவார் என்று எதிர்பார்த்தார்.

"போச்சுங்க," என்றார் அம்மாள். சொல்லிவிட்டு அவர் தோளில் நழுவிய பொன்னாடையை எடுத்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஏழு மணிக்கு ஜோமோன் விசில் ஊதும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பால் வாங்கப் போன ரத்தினசாமி, பழக்க தோஷத்தில் போர்டுக்கு முன்னால் நின்றார். புது செகரட்டரியின் முதல் நோட்டீஸ். மேல்பாதியில் தங்கதுரையின் கோணல் எழுத்து: 'ஏரிக்கரைக் கேட்டு இனிமேல் ஐந்து மணிக்கே பூட்டப்படும். மீறுபவர்கள்மேல் கடும் நடவடிக்கை.' கீழே மலையாளம். அவருக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் அந்தக் குண்டுகுண்டான கையெழுத்தைத் தெரியும். நாலு வருஷம் அதன் கீழேதான் முத்திரை குத்தினார்.

பாலை மறந்து மாடிக்கு ஓடினார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சமையலறைக்குள்ளேயே போய்விட்டார்.

"ஏம்புள்ள! தங்கதுரைக்கு நீயா எழுதிக் குடுத்தே?"

"காலங்காத்தால வந்து கேட்டாருங்க. அவருக்கும் மலையாளம் படிக்கத் தெரியாதாமா. ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கன்னு நெம்பக் கேட்டுக்கிட்டாரு."

"கீழ என்ன எழுதியிருக்கே?"

சரஸ்வதியம்மாள் தோசையைத் திருப்பிப் போட்டார்.

"அதெல்லாம் அசோசியேசன் விசயமுங்க. பொறுப்புல இல்லாதவிங்ககிட்டச் சொல்றதில்லீங்க."