வண்டிகள் நடத்திய விடுதலைப் போர்

தேச வரலாறு முழுவதும் தன் எல்லைக்குள்ளேயே நடந்து முடிந்தது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்ட நகராட்சி உலகிலேயே ஒன்றுதான். தீர்மானத்துக்கு 'ஊர்வழித் தேசம்' என்று பெயர். இனி எந்தப் பள்ளியிலும் தேசத்தைத் தேசமாக நடத்தக் கூடாது; ஊர் வழியாகத்தான் நடத்த வேண்டும். ஊரில் நடந்தது என்ன என்று கண்டுபிடிக்கும் சில்லறை வேலை மட்டும் பாக்கி. அது வரலாற்று டீச்சர் தலையில் விழுந்தது.

டீச்சர் தற்காலிகம். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வேலை போகும். பள்ளி திறக்கிற அன்று, யார் செய்த புண்ணியமோ, திரும்ப வரும். "பாடம் நல்லா அமைஞ்சா உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதறேம்மா," என்று தலைமையாசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். டீச்சர் தெருத் தெருவாக அலைந்தார்.

கதை ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அந்நியர் ஆட்சியில் கவர்னர் மணிக்கூண்டு திறக்க வந்தபோது, துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை வண்டிகளைக் கடைவீதிக்குக் குறுக்கே நிறுத்தி மறித்தார்கள். மாலையோடு காத்திருந்த பெரிய மனிதர்கள் பார்க்கப் பார்க்கக் கார் திரும்பிப் போனது. போலீஸ் வந்தது. மறித்தவர்களின் வீடுகளைப் பெரிய மனிதர்களே அடையாளம் காட்டினார்கள். மூன்று பேர் செத்தார்கள். பிறகு தேசத்துக்கு விடுதலை வந்தது. மறித்தவர்கள் குடியிருந்த தெருவுக்கு இடமாற்றம் வந்தது. மொத்தத் தெருவையும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, நகர எல்லையை இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பாடக்குழு தலைமையாசிரியர் அறையில் கூடியது. பிஸ்கட் தட்டு காலியாகும்வரை ஆழ்ந்த விவாதம் நடந்தது.

"பாடம் பிரமாதம்மா," என்றார் நகராட்சித் தலைவர். "ஆனா அவங்க நம்ம எல்லைக்குள்ள இல்லையே."

"அப்போ இருந்தாங்களே, ஐயா."

"இப்போ இல்லையே. இருக்கிறதை விட்டுட்டு இல்லாததை எழுதினா அது வரலாறா?"

மில்காரர் தொண்டையைக் கனைத்தார். மாலையோடு நின்றவர்களில் அவருடைய தாத்தாவும் ஒருவர். "தாத்தா எதிர்ப்பைத் தெரிவிக்கத்தான் போயிருக்காரு."

"மாலையோடயா?"

"எதிர்ப்பு மனசுல இருந்துச்சும்மா. கை சும்மா இருக்க வேண்டாமேன்னு மாலை."

"அடையாளம் காட்டினது?" என்று கேட்டார் டீச்சர். தலைவர் கடைசி பிஸ்கட்டைக் கடித்தார். "அதை நீக்கிடுங்க. குழந்தைங்க பயப்படும். வண்டி மறிச்சது மட்டும் இருக்கட்டும். யார் மறிச்சாங்கன்னு வேண்டாம்."

ஆகவே பாடம் இப்படி அமைந்தது: 'அன்று நம் நகரத்தின் வண்டிகள் கொதித்தெழுந்தன.' வண்டிகளின் தியாகம் பற்றி ஒரு தனிப் பத்தியும் இருந்தது. எழுதும்போது டீச்சருக்குக் கூசத்தான் செய்தது. கோடை விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது.

கல்வி அதிகாரி வகுப்பைப் பார்வையிட வந்தார்.

"கவர்னரைத் தடுத்தது யாரு?"

"வண்டிகள்," என்றது வகுப்பு, ஒரே குரலில்.

பின்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "எங்க கொள்ளுத்தாத்தா, சார். அவரை அதுக்காகத்தான் அடிச்சே கொன்னாங்க."

தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகத் தோட்டத்தின் வளர்ச்சியைக் கவனித்தார். அதிகாரி டீச்சரைப் பார்த்தார். "நிஜமா?"

டீச்சர் சிறுமியைப் பார்த்தார். வகுப்பிலேயே அவருக்கு மிகப் பிடித்த பெண் அவள். ஆமாம் என்கிற ஒரு வார்த்தை வாய்வரை வந்தது.

"அவ இந்த ஊர் இல்ல, சார்," என்றார். "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அவங்க வீட்ல இப்படித்தான் எதையாவது சொல்லிக் கொடுத்து அனுப்பறாங்க."

அதிகாரி வீட்டு விலாசத்தைக் கேட்டார். டீச்சர் சொன்னார்.

அந்த வாரமே நிரந்தர ஆணை வந்தது. டீச்சருக்கு அது தகும். குழு நீக்கச் சொன்ன பகுதியை, ஒரு வரிகூட எழுதாமல், வகுப்பிலேயே செய்முறையாக நடத்திக் காட்டிய வேறு ஆசிரியர் இந்தத் தேசத்தில் உண்டா?