பல் காளான் பத்திரமாக உள்ளது

ஆராய்ச்சிப் படிப்பில் நம் குடும்பத்துக்கே விளக்காகிய அக்கா மகள் ஜெயப்ரியாவுக்கு, செவிலிமேட்டிலிருந்து தாய்மாமன் வெங்கடேசன் ஆசி கூறி எழுதுவது. இங்கே மாமரமும் நானும் உன் அத்தை கமலாட்சியும் நலம். போனில் சொன்னால் அவள் குறுக்கே பேசுவாள் என்பதால் கடிதம்.

போன வாரம் நம் தோட்டத்து மாமரத்தில் வெள்ளையாகத் தொங்கிய காளானைப் பார்த்துவிட்டு, "மாமா, மத்த காளான் மாதிரி இதுக்கு அடியில இதழ் கிடையாது, பல்லு பல்லா இருக்குது பாரு, பல் காளான். சனிக்கிழமை எங்க புரொபசர் வந்து பார்க்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாது, என் படிப்பே இதுலதான் இருக்குது" என்று சொல்லிப் பஸ் ஏறினாய் அல்லவா, அன்று முதல் நான் கண் மூடவில்லை. ஊரே திரண்டது, ஆந்திராவிலிருந்து வேன் வைத்து வந்தார்கள், "பல்லு இருக்குதுபா, கடிக்கும்" என்று ஒரே போடு போட்டேன், அத்தனை பேரும் ஓட்டம். பக்கத்து வீட்டு ஜான் பாஷா மட்டும், "இன்னா வெங்கடேசு, கறித்துண்டு போட்டு வளர்த்துக்கினு இருக்கியா?" என்றான். "உன் விரலைத்தான் கேக்குது பாய், குடேன்" என்றேன். அப்புறம் மழை பெய்ததில் பல்லெல்லாம் நுனியில் மஞ்சளித்துவிட்டது. பெரிய மனிதர் வரும்போது மஞ்சள் பல்லோடு நிற்கலாமா, நம் மானம் என்ன ஆவது? வாலாஜா முதல் ஆரணி வரை என்னைப் போல் பட்டு நூல் வெளுக்க ஆளில்லை என்பது உனக்கே தெரியும். ஆகவே காளான் இப்போது பால் போல் வெளுத்து, ஊறுகாய் ஜாடிக்குள் பத்திரமாக உள்ளது. புரொபசர் தூர நின்று பார்க்கட்டும். மூடியைத் திறக்க வேண்டாம், பல் கூசும். காளானுக்குப் பெயர் வைக்கும்போது என் ஞாபகம் இருக்கட்டும், கட்டாயமில்லை.

காமாட்சியம்மன் உனக்கு டாக்டர் பட்டமும் வேளாவேளைக்குப் பசியும் தரட்டும். தபாலில் போட இதை உன் அத்தையிடம் கொடுக்கிறேன். பிறர் கடிதம் படிக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
வெங்கடேசன்

பி.கு.: ஜெயா, அத்தை எழுதறேன்மா. உங்க மாமா அந்தக் காளானைப் பட்டு நூலு மாதிரி சோப்பும் சோடாவும் போட்டு வேக வெச்சுட்டாரு. கஞ்சியாப் போச்சு. ஜாடியில இருக்கறது கழிவுப் பட்டு, மைதாப் பசையில ஒட்டினது. நீ அழாதே. அதே மரத்துல கொஞ்சம் கீழே, எலுமிச்சம்பழம் அளவுக்கு இன்னொண்ணு வந்திருக்குது. நான் கூடை கவுத்து வெச்சிருக்கேன். மாமா காலையிலேர்ந்து சாப்பிடாம அந்தக் கூடைக்குக் குடை பிடிச்சிக்கினு குந்தியிருக்காரு. இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால வெச்சுக்கினு இருக்காரு, தெரியாமக்கூட தொட்டுடக்கூடாதாம். நீ வந்ததும் மொதல்ல அந்த ஜாடியைப் பார்த்து, நல்லா இருக்குது மாமான்னு சொல்லிடு.