ராட்சசர்களின் வக்கீல்

உலகத்தில் உள்ள அத்தனை ராட்சசர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு வக்கீல்தான் இருந்தார். தொண்ணூறுகளில் அவர் திருவனந்தபுரத்தில் ஆட்டோ ஓட்டினார். ஆரியசாலையிலிருந்து எங்கள் ஆறு பேரை அள்ளிப்போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன அவரை 'ராட்சசன் அண்ணன்' என்றே கூப்பிட்டோம். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஆள் ஒல்லிக்குச்சி. நாகர்கோவில்காரர், ஒற்றைப் பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். வண்டி கிளம்பியதும் கதையும் கிளம்பும். ஏழு கடல், ஏழு மலை, கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த ராட்சசன், எல்லாம் உண்டு. ஆனால் இந்த ராட்சசன் பாவம். பல் தேய்த்து முடிக்கவே மத்தியானம் ஆகிவிடும், அத்தனை பல். தூக்கி வந்த இளவரசிக்குப் புட்டு அவித்துக் கொடுப்பான். அவளோ "கடலைக்கறி இல்லையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"அண்ணா, அப்போ இளவரசன்?"

"அவனா? குதிரை ஓடிச்சு, கெழவி வழி சொன்னா, பருந்து தூக்கிட்டுப் போச்சு. இவன் என்னத்தச் செஞ்சான் மக்களே? வாளைப் பிடிச்சுட்டுச் சும்மா நின்னான். கடைசில பாதி ராஜ்ஜியம் வேணுமாம். நோக்குகூலி!"

எங்கள் ஆரியசாலைச் சந்தையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அந்தச் சொல் தெரியும். அடுத்தவன் மூட்டை இறக்க, பக்கத்தில் நின்று பார்த்ததற்குக் கேட்கிற கூலி.

மழைக்காலத்தில் அவர் கதை இன்னும் விரியும். இரண்டு பக்கமும் நீலப் படுதாவை இறக்கிவிட்டால் வண்டிக்குள் கடலடி வெளிச்சம். வெளியே உறுமிக்கொண்டு போவது பஸ்ஸா திமிங்கிலமா, யார் கண்டது? தம்பானூர் ஓவர்பிரிட்ஜில் ஏறும்போது நாங்கள் பறக்கிறோம் என்று சத்தியமாக நம்பினேன்.

அதைக் கெடுத்தவளும் நான்தான்.

மூன்றாம் வகுப்புப் பரீட்சையில், ராட்சசனைக் கொன்ற இளவரசன் எப்படிப்பட்டவன் என்று கேட்டிருந்தார்கள். 'நோக்குகூலி வாங்குகிறவன்' என்று எழுதிவைத்தேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று டீச்சர் கண்ணை உருட்டினார். ஒரே உருட்டில் அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் பள்ளிக்கூட கேட்டிலேயே டீச்சர் மலையாளத்தில் தீர்ப்புச் சொன்னார்: வண்டி ஓட்டினால் போதும், இனி கதை சொன்னால் எங்கள் வீடுகளில் சொல்லி வேறு ஆட்டோ.

"வண்டி ஓடிச்சால் மதி. கதை வேண்டா. இனியும் கதை பறஞ்ஞால், வேறே ஆட்டோ பிடிக்கான் ஞான் வீட்டில் பறயும், கேட்டோ!"

"சரி டீச்சர்" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பவே இல்லை.

அதன்பிறகு வண்டியில் இன்ஜின் மட்டும் பேசியது. ஓவர்பிரிட்ஜ் வெறும் பாலமாகிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று தினமும் ஏறுவேன், கேட்காமலே இறங்குவேன்.

ஒரு மழை நாள் காலையில், செக்ரட்டேரியட்டுக்குப் போகிற ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு குடை இறங்கி வந்து எங்கள் படுதாவை விலக்கியது. குடைக்குக் கீழே அதே டீச்சர். பஸ்ஸைவிட ஆட்டோ சீக்கிரம் நுழைந்துபோகும் என்று, எங்களில் இரண்டு பேரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அரை மணி நேரம் ஆகியும் வண்டி நகரவில்லை. எல்.கே.ஜி. வாண்டு அழ ஆரம்பித்தது. டீச்சர் பாட்டுப் பாடினார். அழுகை கூடியது.

"ஒரு கதை பறயூ" என்றார், படுதாவைப் பார்த்தபடி.

"வேண்டாம்னு சொன்னியளே டீச்சர்?"

"ஞான்தன்னெயல்லே இப்போள் பறயுன்னது!" வேண்டாம் என்ற அதே வாய்தான் இப்போது சொல்லச் சொன்னது.

அண்ணன் தொண்டையைச் செருமினார். ஏழு கடல் வந்தது, ஏழு மலை வந்தது. ராட்சசனின் உயிர் எந்தக் கிளியில் இருக்கிறது என்று ஒரு சின்னப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பயத்தில் அவள் அதை வெளியே சொல்லிவிட்டாள். நான் புத்தகப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"பின்னே?" கேட்டது டீச்சர்.

"பின்னே என்ன, பிள்ளை கிளிக்கூட்டுக்குப் பக்கத்துல நின்னு அழுகா. ராட்சசன் சொல்லுகான்: 'அழாதே மக்களே. நீ சொல்லலேன்னா என் கதை யாருக்குத் தெரியும்? இந்தா, கூட்டை நீயே வச்சுக்கோ. நீ பத்திரமாப் பாத்துக்கிடுவே.'"

"அப்போள் ராஜகுமாரன்?"

"அவன் ஊர்வலத்துல மாட்டிக்கிட்டான் டீச்சர்."

டீச்சர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த இரண்டு பேரும் குலுங்கினார்கள். அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். வண்டி நகர்ந்தது, ஓவர்பிரிட்ஜில் ஏறியது. பறந்தோம்.

கூடு என்னிடம்தான் இருக்கிறது, அண்ணா. கிளி சுகமாக இருக்கிறது.