ஏழு பட்டை போல்ட்டும் என் கல்யாணமும்

குறை கண்டுபிடிப்பதற்காகவே மாதச் சம்பளம் வாங்குகிறவனை ஒருபோதும் விருந்தாளிகளுக்கு ஊர் சுற்றிக் காட்ட அனுப்பக் கூடாது. இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். என் அம்மா இதையே இன்னும் சுருக்கமாக, "உன் வாயில கோந்த ஊத்த" என்பாள்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் குப்பை கொட்டுகிறேன்) நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லைனில் வரும் பாகங்களை வெர்னியர் என்ற எஃகு அளவுகோலை வைத்து அளந்து பார்த்து, சரியில்லாததன் மேல் 'ரிஜெக்ட்' என்று அச்சடித்த சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவது என் உத்தியோகம். அதை ஒட்டும்போது உள்ளுக்குள் ஒரு சுகம் வரும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சுகம் என்னை விடாது. ஹோட்டலில் தோசை வந்தால் வட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். சொந்தக்காரர் ஒருவரின் கிரகப்பிரவேசத்துக்குப் போய், வாசற்கால் ஒரு பக்கம் அரை இன்ச் இறங்கியிருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வரவில்லை. சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து சிவப்பு ஸ்டிக்கர் இருக்கும். (எதற்கு என்று கேட்காதீர்கள். சிலர் விபூதி வைத்துக்கொள்வதில்லையா?)

இப்படிப்பட்டவனுக்கு முப்பத்தோரு வயதுவரை கல்யாணம் ஆகாததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வந்த இடங்களில் பாதியை நான் தட்டிக் கழித்தேன். மீதிப் பாதி என்னுடன் பத்து நிமிஷம் பேசிவிட்டுத் தாமே கழன்றுகொண்டது. அப்போதுதான் மலர்விழி ஜாதகம் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி ஒன்றில் லைன் லீடர். சொந்த ஊர் வாலாஜாபாத் பக்கம். இரண்டு வாரம் போனில் பேசினோம். அவள் சிரித்தால் அன்றைக்கு ஓவர்டைம் பார்ப்பதுகூட எனக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை. இந்தப் பெண்ணிடம் ஒரு குறைகூட என் கண்ணில் படவில்லை என்பது எனக்கே பயமாக இருந்தது. இந்த இடம் மட்டும் தட்டிப் போய்விடக் கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

மீதி இருந்தது ஒரே ஒரு சடங்கு. பெண் வீட்டார் மண்ணூருக்கு வந்து எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். தரகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: "தம்பி, பொண்ணோட அப்பா அம்மா எல்லாம் சும்மா. அவுங்க வூட்ல தாய்மாமன் வச்சதுதான் சட்டம். அந்தாளு தலைய ஆட்டினா கல்யாணம், இல்லன்னா இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேன் வந்தது. எங்கள் தெருவில் தண்ணி லாரி ஒன்று குறுக்கே நின்றதால் வேன் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. மலரும் அவள் அப்பா அம்மாவும் மட்டும் இறங்கி நடந்து வந்தார்கள். தாய்மாமனைக் காணவில்லை. கேட்டால் நன்றாக இருக்காது என்று அம்மா கண்ணைக் காட்டினாள். வரவில்லை போலிருக்கிறது, பிழைத்தோம் என்று நானும் விட்டுவிட்டேன். வேனிலேயே உட்கார்ந்திருந்த காக்கிச் சட்டைக்காரருக்கு நானே ஒரு டம்ளர் டீயும் இரண்டு வடையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நகத்தில் கிரீஸ், தோளில் துண்டு, நரைத்த மீசை. "டிரைவரண்ணே, லாரி போனதும் வண்டிய உள்ள ஏத்தி நேரா நிறுத்துங்க, டயர் சாக்கடைப் பக்கம் சாயுது" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வடையைக் கடித்தார்.

வீடு பார்த்து முடித்ததும் வல்லக்கோட்டை முருகனுக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வரலாம் என்று பேச்சு. போகிற வழியில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மலரிடம் போனில் ஏற்கெனவே அளந்திருந்தேன். எங்கள் ரோட்டோரத்தில் எல்லாமே பெரிசு பெரிசாக நிற்கும்: டீக்கடை மேலே ராட்சசக் கெட்டில், ஷூ கம்பெனி வாசலில் ஆள் உயர ஷூ, ரவுண்டானாவில் தென்னை மரம் மாதிரி ஒரு போல்ட். "அதெல்லாம் நீங்களே காட்டுங்க, நீங்க சொல்லிக் கேக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள். (அந்தச் சிரிப்பை நான் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான இன்ஸ்பெக்‌ஷன் அதுதான்.)

நான் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், வழிகாட்டி என்ற தோரணையில் உட்கார்ந்தேன். நடுவில் மலரும் அவள் அப்பாவும். கடைசி சீட்டில் இரண்டு அம்மாக்களும்.

முதலில் கெட்டில். ஹைவே ஓரத்து டீக்கடையின் மாடியில் பத்தடி உயரத்துக்கு, தகரத்தில் செய்து, வெள்ளி நிறம் அடித்து வைத்திருந்தது. மலரின் அம்மா "அடேங்கப்பா" என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

"நல்லா பாருங்க அத்தை," என்றேன் திரும்பி. "மூக்கு எவ்ளோ கீழ கீது பாருங்க. இந்தக் கெட்டில்ல டீ ஊத்தினா கால்வாசி ரொம்பறதுக்குள்ள எல்லாம் மூக்கு வழியா ரோட்டுக்கு வந்துடும். செஞ்சவன் ஜென்மத்துல டீ குடிச்சிருக்க மாட்டான்."

டிரைவர் வேனை மெதுவாக்கி, ஜன்னல் வழியாகக் கெட்டிலையே சற்று நேரம் பார்த்தார். "ஆமா தம்பி, கீழதான் கீது," என்றார்.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒரு டிரைவருக்கு இவ்வளவு ரசனையா!

அடுத்தது ஷூ. ஆறடி நீளத்தில் பழுப்பு நிற ஜோடி ஒன்று சிமென்ட் மேடை மேல் பளபளவென்று நின்றது. இறங்கிப் பார்க்கலாம் என்று நானே வேனை நிறுத்தச் சொன்னேன். மேடையை ஒரு சுற்றுச் சுற்றியதும் எனக்குப் புல்லரித்தது. கண்டுபிடித்துவிட்டேன்! இரண்டும் இடது கால்.

"மலர், இங்க வாயேன்! ரெண்டுமே இடது! இத்தப் போட்டுக்கினு நடந்தா மனுஷன் வட்டமாத்தான் சுத்துவான்!" என்று நடந்தும் காட்டினேன். மலர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்பா, "மாப்ள... அது வந்து... இவரு..." என்று ஏதோ ஆரம்பித்தார். டிரைவர் அவரைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வேன் மறுபடி கிளம்பியதும் பின் சீட்டில் மலரின் அம்மா என் அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அதன் பிறகு அம்மாவுக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை; நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் வரும் இருமல். நான் பாசமுள்ள பிள்ளையாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அம்மா பாட்டிலை வாங்கிக்கொண்டு என்னை முறைத்தாள். ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, "டிரைவரண்ணே, ஏசிய கம்மி பண்ணுங்க. அப்படியே கிளட்ச்சு மேல கால வச்சுக்கினே ஓட்டாதீங்க, பிளேட்டு தேஞ்சிரும்" என்றேன். அம்மாவின் இருமல் இன்னும் மோசமானது.

கடைசியாக போல்ட். ஒரகடம் போகிற வழியில் ஒரு ரவுண்டானா நடுவில், ஒரு கம்பெனி அன்பளிப்பாக வைத்தது. பதினைந்தடி உயரம், உச்சியில் தலை, நடுவில் நட். அந்தப் பக்கம் தினமும் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் விழித்திருந்து பார்த்தேன். வேன் ரவுண்டானாவைச் சுற்றும்போது போல்ட்டின் தலையில் இருந்த பட்டைகளை எண்ணினேன். திரும்ப எண்ணினேன். ஏழு!

உலகத்தில் எந்த ஸ்பேனரும் ஏழு பட்டை போல்ட்டைக் கவ்வாது. போல்ட்டுக்கு ஆறு பட்டைதான். எங்கள் வட்டாரத்தில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நான் வேனை ஓரம் கட்டச் சொல்லி, ரோட்டைக் கடந்து, மேடை மேல் ஏறி நின்று, மலரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து, போல்ட்டின் அடியில் 'ரிஜெக்ட்' என்று ஒட்டினேன். "எவன்டா இவன், இதுக்குக் காசு வேற வாங்கிருப்பான்!" என்று கூவியது எனக்கே இப்போதும் காதில் கேட்கிறது.

டிரைவர் நிதானமாக ரோட்டைக் கடந்து வந்தார். ஸ்டிக்கரை நகத்தால் கிழியாமல் உரித்தார். நான் பிரித்துக் கையில் வைத்திருந்த பளபளப்பான அடித்தாளை வாங்கி, அதில் திரும்ப ஒட்டி, தன் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பப்ளிக் சொத்து தம்பி," என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

வல்லக்கோட்டையில் கூட்டம் அதிகம் இல்லை. கருவறையில் முருகன் ஆளை விட உயரமாக நின்றிருந்தார். அன்றைக்குப் பார்த்த பெரிய உருவங்களில் நான் வாயை மூடிக்கொண்டு பார்த்தது அவர் ஒருவரைத்தான். அர்ச்சனைத் தட்டை நீட்ட நான் கையை உயர்த்தினேன். மலரின் அப்பா என் கையைப் பிடித்தார்.

"இருங்க மாப்ள. எங்க வழக்கத்துல மொத தட்டு தாய்மாமன் கையாலதான் குடுக்கணும்." திரும்பிப் பார்த்து, "மச்சான், வாங்க!" என்றார்.

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு டிரைவர் முன்னால் வந்தார்.

குருக்கள் பெயர் நட்சத்திரம் கேட்டார். என் நட்சத்திரம் எனக்கு மறந்துபோனது. அம்மா பின்னாலிருந்து சொன்னாள். அவளுக்கு இருமல் சுத்தமாக நின்றுவிட்டிருந்தது.

பிராகாரத்தில் உட்கார்ந்து பிரசாதம் சாப்பிடும்போதுதான் மாமா பேசினார். கோபமே இல்லாத குரல். கோபமாகத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"வாலாஜாபாத்ல நமக்கு ஒரு பட்டறை கீது தம்பி. பெரிய பொம்மைங்க செய்யிறோம். கெட்டிலு, ஷூ, போல்ட்டு, எல்லாம் நம்ம கையிதான்."

நான் பொங்கலை விழுங்க முடியாமல் வாயில் வைத்திருந்தேன்.

"கெட்டிலு மூக்க மேலதான் வச்சேன். மாடிக்கு மேல கரண்ட் கம்பி போவுது, எறக்குன்னாரு கடைக்காரரு. ஷூவுக்கு மாதிரி பாக்க கம்பெனில ஒத்த காலுதான் குடுத்தாங்க, அது இடதுகாலு. ரெண்டும் இதே மாதிரி வேணும்னாங்க. போல்ட்டு மொதலாளிக்கு ராசி நம்பர் ஏழு. ஆறுதான் சார்னு ரெண்டு நாள் சண்ட போட்டேன். கஸ்டமர் அப்படித்தான் கேட்டாங்க தம்பி, இன்னா பண்றது?"

பிறகு சட்டைப் பையிலிருந்து என் சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தார். என் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்த எங்க ஒட்டலாம்?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் முதலில் பொங்கல்தான் வரும். மலரைப் பார்த்தேன். போச்சு, என் வாயாலேயே இவளைத் தொலைத்தேன் என்று நெஞ்சு வலித்தது. மாமா ஸ்டிக்கரை அவளிடம் நீட்டினார். "உன் லைன்ல வந்த பீஸு. நீயே சொல்லு."

மலர் என்னை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். "ரிஜெக்ட் வேணாம் மாமா," என்றாள். "ரீவொர்க் போட்டுக்கலாம்."

(லைனில் வேலை பார்க்காதவர்களுக்காக: தூக்கிப் போட வேண்டியதில்லை, மறுபடி பிரித்துச் சரிசெய்து பார்க்கலாம் என்று அர்த்தம். ஒரு பெண் வாயிலிருந்து இதைவிடக் காதலான வார்த்தையை நான் இன்றுவரை கேட்டதில்லை.)

மாமா தலையை ஆட்டினார். வாய்விட்டும் சிரித்தார். "இத்தினி வருஷமா பொம்ம செய்யிறேன். ஜனங்க முன்னால நின்னு செல்ஃபி எடுத்துக்கினு போறாங்க. பட்டைய எண்ணினவன் நீ ஒருத்தன்தான்யா." அதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவர் காலில் விழுந்தேன்.

கல்யாணத்துக்கு மாமா செய்த சீர், ஏழடி உயர வெர்னியர். சுத்தமான எஃகு, கோடுகளெல்லாம் கையால் வெட்டியது. மண்டப வாசலில் நிறுத்தியிருந்தார். மாப்பிள்ளை அழைப்புக் காரிலிருந்து இறங்கியதுமே என் கண் அதன் அளவுகளில் ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஏழு.

ஆறைக் காணோம்.

வாயைத் திறந்தேன். மாமா பக்கத்தில் நின்றிருந்தார். "இன்னா மாப்ள, எல்லாம் கரெக்டா கீதா?" இரண்டு குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தது.

"கரெக்டா கீது மாமா."

அன்றைக்கு எழுந்த சிரிப்பில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

அந்த வெர்னியர் இப்போது எங்கள் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆட்டோக்காரர்களுக்கு நாங்கள் 'வெர்னியர் வூடு'. பார்சல் கொண்டுவருகிறவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மாமா ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து அதன் முன்னால் நின்று அதே கேள்வியைக் கேட்கிறார். நானும் அதே பதிலைச் சொல்கிறேன். எல்லாரும் புதிதாகக் கேட்டது போல் சிரிக்கிறார்கள். சாம்பாரில் உப்பு கம்மி என்று நான் சொல்ல வாயெடுத்தால் மலர் கேட் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். நான் சாம்பாரைக் குடித்துவிடுவேன்.

போன மாதம் எதிர் வீட்டுக்குக் குடிவந்த கணக்கு வாத்தியார் ஒருவர் வெர்னியரைக் கீழிருந்து மேல்வரை விரல் வைத்து எண்ணினார். பிறகு, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் முகமெல்லாம் பிரகாசமாக, கேட்டைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். அந்த முகம் எனக்கு மிகவும் பழக்கமான முகம்.

"சார், இதுல ஆறு இல்லையே! எவன் சார் செஞ்சான் இத?"

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த மலரின் கை நின்றது.

"கஸ்டமர் அப்படித்தான் கேட்டாங்க சார்," என்றேன்.