சாரி சொல்லாத சனிக்கிழமை

ஒரு நாள் முழுக்க யாரிடமும் ‘சாரி’ சொல்வதில்லை என்று வெள்ளிக்கிழமை மாலை நான் சபதம் எடுத்தேன். எடுக்க வைத்தவள் என் மனைவி கிளெண்டா. அவள் எடுக்க வைத்த எந்தச் சபதமும் எனக்கு நல்லபடியாக முடிந்ததில்லை.

துணிக்கடையில் பின்னால் நகர்ந்தபோது யார் மேலோ இடித்துவிட்டேன். “சாரிங்க” என்றேன். பதில் இல்லை. கோபித்துக்கொண்டாரோ என்று பயந்து, “ரொம்ப சாரிங்க” என்றேன். கிளெண்டா என் காதருகே வந்தாள்.

“நைஜல், அது பொம்மை.”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா சொன்னே?”

“ஒரு மரியாதைக்கு.”

“போன மாசம் ஒருத்தன் நம்ம கார் பின்னால வந்து மோதினான். நீ இறங்கிப் போய் அவன்கிட்ட சாரி சொன்னே!”

“அவன் முகம் வாடியிருந்துச்சு, கிளெண்டா.”

“ஒரே ஒரு நாள், அந்த வார்த்தை இல்லாம உன்னால இருக்க முடியுமா?”

“ஏன் முடியாது?”

“பந்தயமா?”

இங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அவள் வைத்த பணயம் என் கண்ணை மறைத்துவிட்டது. சனிக்கிழமை காலை டீயிலிருந்து மாலை ஆறு மணிவரை சாரி சொல்லாமல் இருந்தால், ஞாயிறன்று கிளம்பும் கேரவன் விடுமுறைக்கு நான் போக வேண்டாம். சொல்லிவிட்டால் வாரம் முழுக்கக் கேரவனில் இருந்தாக வேண்டும். முனகக் கூடாது.

கேரவன் என்பது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் தகர வீடு. என் மைத்துனி லொரெய்னும் சகலை பாரியும் வைத்திருக்கிறார்கள். போன வருடம் அதில் நாலு பேரும் கடற்கரையில் ஒரு வாரம் இருந்தோம். ஏழு நாளும் மழை. எந்த ரோட்டில் வந்தார், எந்த ரவுண்டானாவில் திரும்பினார், எந்த ரோட்டில் வந்திருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம் என்று பாரி மூன்று வேளையும் விளக்கினார். கழிவறைத் தொட்டியைத் தூக்கிப்போய்க் கொட்டிவரும் வேலை எனக்கு. “நைஜலுக்கு நல்ல கை பலம்” என்று பட்டம் வேறு கொடுத்தார்.

இந்த வருடம் என்னால் முடியாது. ஆபீசில் ஆள்குறைப்பு. இரண்டு பேர் வேலையை நான் ஒருவனே பார்க்கிறேன். வீட்டில் பாய்லர் படுத்துவிட்டது. கூரை ஒழுகுகிறது. எனக்கு வேண்டியதெல்லாம் என் சோபா, ஒரு கப் டீ, பக்கத்தில் பேச்சே இல்லாத ஒரு வாரம். டிவியில் இங்கிலாந்து தோற்பதை நிம்மதியாகப் பார்க்க வேண்டும். இது பேராசையா?

சனிக்கிழமை விடிந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் சொட்டச் சொட்ட நனைந்த குடையை என் தொடைமேல் சாய்த்தார். மற்ற நாளாக இருந்தால் நான்தான் சாரி சொல்லித் தொடையை நகர்த்தியிருப்பேன். அன்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பேன்ட் நனைந்தது. பந்தயம் நனையவில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் சூப் டப்பாக்களை மறித்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். சாரி சொன்னால் நகர்ந்துவிடுவார். சொல்லாமல் ஒரு மனிதரை நகர்த்த எங்கள் நாட்டில் வழியே கிடையாது. தக்காளியா காளானா என்று அவர் யோசித்தார். நான் காத்திருந்தேன். ஏதோ வரிசை என்று நினைத்து எனக்குப் பின்னால் ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். நான் சாரி சொல்லாததால் கூட்டம் சாரி சாரியாகச் சேர்ந்துவிட்டது.

அடுத்து பேக்கரி. வரிசையில் ஒருவன் எனக்கு முன்னால் நுழைந்தான். எங்கள் ஊரில் கொலையைக்கூடப் பொறுத்துக்கொள்வோம், இதைப் பொறுக்க மாட்டோம். ஆனால் அந்தச் சண்டையே “சாரி, வரிசை பின்னால ஆரம்பிக்குது” என்றுதான் தொடங்கும். அந்தச் சொல் இல்லாமல் எனக்குச் சண்டை ஸ்டார்ட் ஆகவில்லை. கடைசிப் பன்றிக்கறி பப்ஸை அவன் வாங்கிப் போனான்.

“தீர்ந்துபோச்சு கண்ணு, சாரி” என்றார் கடைக்காரம்மா. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! எனக்குப் பொறாமையாக இருந்தது.

பப்ஸ் இல்லாமல் வீடு திரும்பினாலும் வெற்றியோடு திரும்பினேன். கிளெண்டா சமையலறையில் டீயோடு தின்னும் ஸ்கோன் பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“ஜெயிச்சுடுவே போலிருக்கே!”

“ஆறு மணி ஆகட்டும். அப்புறம் பேசறேன்.”

போன் அடித்தது.

“நீயே எடேன், என் கையெல்லாம் மாவு.”

எடுத்தேன்.

“நைஜல் கண்ணு! லொரெய்ன் பேசறேன். கடற்கரையில கேரவன் நிறுத்தற மைதானம் பூரா வெள்ளம். உன் வீட்டு முன்னால ஒரு வாரம் நிறுத்திக்கட்டுமா? தொந்தரவுன்னா தயங்காம சொல்லிடு.”

தயங்காமல் சொல்லத்தான் நினைத்தேன். “சாரி லொரெய்ன், இடமில்ல” என்று சொன்னால் முடிந்தது. ஆனால் இந்த நாட்டில் எந்த மறுப்பும் அந்த ஒரு சொல்லின் முதுகில் ஏறித்தான் வெளியே வரும். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது “இடமில்ல.” பெண்டாட்டியின் தங்கையிடம் மொட்டையாக அப்படிச் சொல்கிறவன் மனுஷனே இல்லை.

“அது வந்து... பாய்லர் வேலை செய்யல.”

“நாங்க பச்சத் தண்ணியிலயே குளிப்போம்.”

“கூரை ஒழுகுது.”

“பாரிக்கு ஏணி ஏறப் பிடிக்கும்.”

“இங்கயும் மழை.”

“அது எங்கதான் இல்ல?”

வேறு வழி தெரியாமல், “மன்னி...” என்று இழுத்தேன்.

“அதுவும் கணக்குல சேரும்” என்றாள் கிளெண்டா, மாவிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

“அதுக்கென்ன, தாராளமா வாங்க” என்றது என் வாய். அதற்குத் தெரிந்த வேறு பதில் அது ஒன்றுதான்.

“நல்லவன்டா நீ! இதோ, உங்க தெருமுனையிலதான் நிக்கிறோம்.”

ஓடினேன். கேரவன் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் பாரி ரோஜாவுக்குக் கேரவன் கொடுத்தார். நான் ஆறு வருடம் வளர்த்த செடி சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது.

கார் கதவைத் திறந்து இறங்கினார். முதல் காலைத் தரையில் வைக்கவில்லை. என் காலில் வைத்தார்.

“சாரி” என்றேன்.

நான்தான் சொன்னேன். மிதிபட்ட நான்!

சமையலறை ஜன்னல் திறந்தது. “மணி இன்னும் ஆறு ஆகல, நைஜல்!”

வயிறு எரிய உள்ளே போனேன்.

“அங்க வெள்ளம்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“வியாழக்கிழமையே லொரெய்ன் சொல்லிட்டா. அப்பவே உன்கிட்ட கேட்டிருந்தா, ‘சாரி, முடியாது’ன்னு ஒரே வரியில முடிச்சிருப்பே. அதான் முதல்ல அந்த வார்த்தையப் பிடுங்கிக்கிட்டேன்.”

“எனக்கு ஒரு வாரம் நிம்மதி கொடுத்தா என்ன கொறைஞ்சு போயிடும்?”

“மூணு மாசமா வேலை முடிஞ்சு வந்து செவுத்தப் பார்த்துக்கிட்டு உட்கார்றே. நான் பேசினா ‘ம்’ங்கறே. எனக்கும் யாராச்சும் வந்து சத்தமா சிரிச்சா தேவலன்னு இருக்காதா?”

என் கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் சொன்னது உண்மை. அதை ஒத்துக்கொள்வதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“சரி, அவங்க கேரவன்ல படுத்துக்கட்டும்.”

“விருந்தாளிங்களைத் தகர டப்பாவுலயா படுக்க வைப்பாங்க? அவங்களுக்கு நம்ம ரூம். எனக்குப் பின்பக்க ரூம்.”

“அப்ப நான்?”

“பந்தயத்துல தோத்தது யாரு?”

மறுநாள் மழை தகரத்தில் தாளம் போட்டது. என் வீட்டு வாசலில் நிற்கும் கேரவனில் உட்கார்ந்து என் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். என் சோபாவில் பாரி காலை நீட்டியிருந்தார். ஏதோ சொன்னார், கிளெண்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இங்கிலாந்துக்கு விக்கெட் விழுந்ததா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு டீ கொண்டுவந்தாள்.

“சாரி நைஜல், சர்க்கரை தீர்ந்துபோச்சு. பாரிக்கு ஒரு கப்புக்கு நாலு ஸ்பூன்.”