பெருநூலகத்துக்கு மேல்மண் நீக்கிய கதை

உலகின் மகத்தான நூலகங்களுக்கு வரலாறு எழுதினால் நெய்வேலிக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே தீரவேண்டும். அதில் என் புகைப்படமும் வரும். கோட் போட்டு எடுத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.

எங்கள் பிளாக் குடியிருப்போர் சங்கத்தின் 'பெருநூலக வடிவமைப்புக் குழு'வுக்கு அடியேன்தான் தலைவர். சுரங்கத்தில் மேல்மண் பிரிவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வாரி அப்புறப்படுத்துவதுதான் எங்கள் வேலை. அந்தப் பழக்கத்தில், எதை ஆரம்பித்தாலும் முதலில் மேலே இருப்பதை அகற்றிவிடுவேன். பந்தல் போடச் சொன்னால்கூட வாசலைத் தோண்டிவிட்டுத்தான் மூங்கில் தேடுவேன்.

ஆகவே வரைபடம் வருமுன்பே, பெருநூலகத்துக்கென ஒதுக்கிய மனையிலிருந்த பழைய வாசகசாலையை இடித்துத் தள்ளினேன். புத்தகங்களைச் சாக்கில் கட்டி கான்ட்ராக்டர் ஷெட்டில் போட்டாயிற்று. சுறுசுறுப்பு என்றால் இதுவல்லவா!

பிறகு ஆற அமர விவாதித்தோம். மண் வெட்டும் பக்கெட் வீல் எந்திரத்தின் வடிவில் கட்டிடம். சுழலும் சக்கரத்தில் உணவகம். உச்சியில் 'செல்ஃபி முனை'. செயலாளர் துரைராஜ்தான் ஒருமுறை இழுத்தார்.

"சார், புக்கு வைக்க எடமே வுடலையே?"

"அது செகண்ட் ஃபேஸ்யா. மொதல்ல லேண்ட்மார்க் ஆவட்டும்."

கட்டிடத்தின் மாதிரி உருவம் கண்ணாடிப் பெட்டியில் வந்திறங்கிய அன்று வெண்மதி வந்து நின்றாள். கான்ட்ராக்ட் தொழிலாளியின் மகள். தினமும் வாசகசாலையில் உட்கார்ந்து குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்தவள்.

"எக்ஸாம் அடுத்த மாசம்ங்க சார். அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து பகல்ல தூங்குறாரு. வூடு ஒரே ரூமு. நான் எங்க குந்திக்கினு படிக்கிறது?"

எனக்கு மனம் இளகிவிட்டது. பெட்டிக்குள் இருந்த குட்டிப் பொம்மையைக் காட்டினேன். அதன் மடியில் குட்டிப் புத்தகம்.

"பாத்தியாம்மா? அது நீதான்! உன்னை மாதிரி புள்ளைங்களுக்குத்தான் இவ்ளோ பாடு."

அவள் குனிந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. அந்தப் பொண்ணு பாஸ் பண்ணிடும். நானு?"

துரைராஜ் மின்விசிறியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அந்தச் சாக்கையாவது அவுத்து வுடுங்க. ஷெட்லயே படிச்சிக்கிறேன்."

"சாவி கான்ட்ராக்டர்கிட்ட. அவரு ஊர்ல இல்லையேம்மா."

அவள் போனபின் ஜன்னல் வழியே மனையைப் பார்த்தேன். வெறும் பள்ளம். சர்வீஸ் முழுக்கச் சுரங்கத்தில் குப்பை கொட்டியும் எது மண், எது கரி என்று எனக்குத் தெரியவில்லை. கரியை வாரிக் கொட்டிவிட்டு மண்ணுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்திருக்கிறேன்.

அந்த அத்தியாயத்தில் என் புகைப்படம் கண்டிப்பாக வரவேண்டும். இது யார் செய்த வேலை என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?