இழுப்பு நின்றதால் வந்த நஷ்டம்

மேன்மை பொருந்திய டாக்டர் மகாராஜன் அவர்களுக்கு,

சங்கரன்கோவில் சத்தியநாதன் வணங்கி எழுதிக்கொண்டது. தாங்களும் குடும்பத்தாரும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நானும் சுகமாகவே இருக்கிறேன். என் புகாரே அதுதான்.

விசைத்தறிக் கூடத்தில் பஞ்சுத்தூசி தின்று சம்பாதித்தது என் ஆஸ்துமா. மனைவி ஜெயபாய் போன பிறகு வீட்டில் எனக்குத் துணையும் அதுதான். சென்னையில் வேலை பார்க்கும் என் ஒரே மகள் ஜாய்லின், போனில் பேச்சைவிட என் மூச்சைத்தான் கேட்பாள். விசில் சத்தம் கேட்டுவிட்டால் போதும், "எப்பா, இழுக்குதுல்லா? பேசாதிய, நான் வாரேன்" என்று பொதிகை ரயிலைப் பிடித்து மறுநாள் காலை வாசலில் நிற்பாள். ஆடிக் காற்றுக்கு ஒரு தடவை, மார்கழிப் பனிக்கு ஒரு தடவை, பக்கத்து வீட்டில் வெள்ளையடித்தால் ஒரு தடவை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த இந்த ஏற்பாட்டில்தான் தாங்கள் கைவைத்தீர்கள்.

முன்பெல்லாம் இழுப்பு என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். தாங்கள் வந்ததும் வியாழக்கிழமைதோறும் ஆஸ்துமா கிளினிக் என்று போர்டு மாட்டி, நர்ஸ் கனகலட்சுமியை உட்கார வைத்தீர்கள். "அண்ணாச்சி, பம்ப எப்படி அடிக்கிய? அடிச்சிக் காட்டுங்க" என்றது அந்த அம்மா. நானோ இன்ஹேலரைத் தோள் துண்டுக்குள் ஒளித்தே அடித்துப் பழகியவன். வீட்டில் இழுப்பு நோய் என்று தெரிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை அமையாது என்று தொடங்கிய பழக்கம். அவளுக்குக் கலியாணமாகிப் பிள்ளைகளும் பிறந்தாயிற்று, துண்டு மட்டும் விலகவில்லை. அப்படியே அடித்துக் காட்டினேன். "மருந்தெல்லாம் துண்டுக்குல்லா போவுது! ஆஸ்துமா ஒங்களுக்கா, துண்டுக்கா?" என்று கேட்க, வரிசையே சிரித்தது. பிறகு அந்த அம்மா பம்பில் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மெல்ல இழுத்து மூச்சை அடக்கச் சொல்லி, இழுப்பு இல்லாத நாளிலும் அடிக்க வேறொரு பம்பு கொடுத்து, அடித்ததும் வாய் கொப்பளிக்க வைத்து, போதாததற்கு எனக்கும் என் மகளுக்கும் மாதாமாதம் போன் போட்டு விசாரித்து, என் இழுப்பை அடியோடு நிறுத்திவிட்டது. இப்போது சர்ச்சில் பாமாலையை நான் மூச்சு முட்டாமல் பாடுவதால் பக்கத்தில் நிற்பவர்கள் தள்ளிப் போய் நிற்கிறார்கள்.

ஆடிக் காற்று வந்தது, ஜாய்லின் வரவில்லை. "கொரலு கணீர்னு இருக்குப்பா, சந்தோசம்" என்று போனை வைத்துவிடுகிறாள். மிளகாய் வத்தல் அரைக்கும் மில்லில் போய் நின்று பார்த்தேன். மில்லுக்காரர் தும்மினார், வத்தல் கொண்டுவந்த பெண்கள் தும்மினார்கள், நான் குத்துக்கல் மாதிரி நிற்கிறேன். சரி என்று போனில் நானே இழுத்துக் காட்டினேன். "எப்பா, நடிக்காதிய. ஒங்க இழுப்பு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள். சாப்பிட உட்கார்ந்தால் எதிர் நாற்காலி காலியாக இருக்கிறது டாக்டர். மூச்சு தாராளமா வருது, அதை வச்சு நான் யாரோட பேச? பிள்ளையைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே, வருஷத்துக்கு ஒன்றிரண்டு இழுப்பாவது வரும்படி மருந்தைக் குறைத்துத் தரவோ, அல்லது துண்டு முறைக்கே நான் திரும்ப அனுமதிக்கவோ தயவுகூர வேண்டுகிறேன். தங்கள் கைராசி வளரவும், தங்கள் பிள்ளைகள் தங்கள் பக்கத்திலேயே இருக்கவும் வாழ்த்தும்,

சத்தியநாதன்

பி.கு.: இதை உறையில் போடும்போது ஜாய்லின் போன் செய்தாள். லீவுக்குப் பிள்ளைகளோடு வருகிறாளாம். "எத்தன தடவ வந்தும் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்துட்டுத்தான போனேன். ஒங்க கூட ஒரு நாளு நிம்மதியா இருந்திருக்கனாப்பா? இப்பதான் நம்ம வீட்டுக்கு வாரேன்" என்றாள். மேற்படி புகாரைக் கிழித்துப் போடவும். சந்தோஷத்தில் உடனே வீட்டை ஒட்டடை அடித்ததில் லேசாக இழுக்கிறது. பம்பை முறைப்படி அடித்துவிட்டேன். தயவுசெய்து இதை மட்டும் என் மகளிடம் சொல்லிவிட வேண்டாம்.